நைட் ஷிப்ட் முடிந்த ஞாயிற்றுக்கிழமை

ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2. பி ஷிப்ட் 2 முதல் இரவு 10. சி ஷிப்ட் 10 முதல் மறுநாள் காலை 6. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் மூன்று ஷிப்ட் ஓடும் கம்பெனிகளில் கொஞ்சம் முன்னேபின்னே இதுதான் நேரம். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும், ஞாயிறு லீவு. சனிக்கிழமை ராத்திரி சி ஷிப்ட் பார்த்தவர் கேட்டைத் தாண்டி வெளியே வருவது ஞாயிறு காலை 6 மணிக்கு. அடுத்த வாரம் அவருக்கு ஏ ஷிப்ட் என்றால் திங்கள் காலை 6 மணிக்கு மறுபடி பஞ்ச் (வருகைப் பதிவு) வைக்க வேண்டும். நடுவில் இருப்பது சரியாக 24 மணி நேரம். கம்பெனி பஸ் போகவர இரண்டரை மணி நேரத்தைத் தின்றுவிடும். மீதியில் இரண்டு தூக்கம் தூங்கியாக வேண்டும்: விட்ட ராத்திரிக்கு ஒன்று, வரப்போகும் விடியலுக்கு ஒன்று. குடும்பம், கறிக்குழம்பு, காதுகுத்து எல்லாம் இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

ஷிப்ட் வேலை பார்ப்பவரின் ஓய்வு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு நாளில்தான். அதைச் சரியாக வகுத்துக்கொண்டால் அடுத்த வாரம் முழுக்கத் தலை கனக்காமல் ஓடும். ஆனால் 'ஞாயித்துக்கிழமைதானே, நல்லாத் தூங்கிக்கலாம்' என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அந்த 'நல்லாத் தூங்குவது'தான் ஆளைக் கவிழ்க்கிறது. ஏனென்று பார்த்துவிடுவோம்.

மாறும் ஷிப்டில் 'நைட்டு பழகிடும்' என்பது நடக்காத காரியம். உடம்பின் சூடு விடிகாலை நான்கு, ஐந்து மணிவாக்கில்தான் மிகக் குறைந்திருக்கும். தூக்கம் கண்ணைச் சுழற்றுவதும், கை தவறுவதும் அப்போதுதான். அதற்குப் பிறகு சூடு ஏற ஆரம்பிக்கும், கூடவே விழிப்பும் ஏறும். காலை 8 மணிக்குச் செத்த பிணம் மாதிரி விழுந்தவர்கூட 12 மணி, 1 மணிக்குத் தானாக எழுந்து உட்கார்ந்துவிடுவது இதனால்தான். ராத்திரித் தூக்கத்தைவிடப் பகல் தூக்கம் சாதாரணமாகவே ஒரு மணி முதல் மூன்று மணி வரை குறையும். உள்ளே இருக்கும் இந்தக் கடிகாரத்தை நகர்த்தலாம்தான். ஆனால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும், அதுவும் வெளிச்சம் ஒத்துழைத்தால். வீட்டுக்கு வரும் வழியில் தினமும் காலை வெயிலில் முகத்தைக் காட்டினால் அதுவும் நகராது. ஆறு ராத்திரி முடியும்போது கடிகாரம் பாதி வழியில் எங்கோ நின்றுகொண்டிருக்கும். அங்கிருந்து ஒரே நாளில் அதை ஏ ஷிப்டுக்கு இழுத்து வர வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மணிக்கணக்கில்

7 மணிக்கு வீடு. இரண்டு இட்லி, ஒரு டம்ளர் தண்ணீர். குளிப்பது, துணி ஊறவைப்பது எல்லாம் பிறகு. 7:30-க்குப் படுத்துவிட வேண்டும். அலாரம் 10:30-க்கு. மூன்று மணி நேரம் என்பது சும்மா சொன்ன கணக்கு கிடையாது. ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்; இரண்டு சுற்று முடியும்போது எழுப்பினால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் அறுத்தது போல இருக்காது. எல்லோருக்கும் சுற்று ஒரே அளவாக இருக்காது என்பதால் கால் மணி இப்படி அப்படிப் போகலாம். 11-ஐத் தாண்டக் கூடாது.

தப்பு நடப்பது இங்கேதான். 10:30-க்கு அலாரம் அடிக்கும்போது உடம்பு எழ மறுக்கும். எழுந்த முதல் அரை மணி நேரம் மூளை வேலையே செய்யாது. அந்த அரை மணியில் 'இன்னும் கொஞ்சம்' என்று எடுக்கும் முடிவு உங்கள் முடிவே கிடையாது, தூக்கத்தின் முடிவு. அதனால் அந்த முடிவை வேறு யாரிடமாவது முன்கூட்டியே ஒப்படைத்துவிடுங்கள். 'பத்தரைக்கு வந்து ஸ்கிரீனைத் திறந்துவிட்டுப் போ, நான் என்ன சொன்னாலும் கேட்காதே' என்று வீட்டில் சொல்லி வைத்தால் போதும். தனியாக இருப்பவர் போனைக் கைக்கெட்டாத இடத்தில், சமையலறை மேடையில் வைக்கலாம்.

எழுந்ததும் வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும். டியூப்லைட் போட்ட அறையில் 200, 300 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) இருந்தால் அதிகம். நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். கறிக்கடை, மார்க்கெட், வண்டி கழுவுவது, மொட்டை மாடியில் துணி காயப்போடுவது, எதுவானாலும் 11-க்கும் 1-க்கும் நடுவில் வெளியில் நடக்கும் வேலையாக இருக்கட்டும். கடிகாரத்துக்கு 'இப்போது பகல்' என்று சொல்ல வேறு வழி கிடையாது.

அடுத்த கண்ணி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஞாயிறு குழம்பு, மேலே ஃபேன், கீழே பாய். 2:30-க்குக் கண்ணயர்ந்தால் 5 மணிக்குத்தான் விழிப்பு வரும். அன்றைக்கு ராத்திரி 9 மணிக்குப் படுத்தாலும் 12 வரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். விடிகாலை 4:15-க்கு அலாரம். ஆக, திங்கட்கிழமை லைனில் நிற்பவர் நான்கு மணி நேரத் தூக்கத்தோடு நிற்கிறார். காலையில் வந்து படுத்தவர் ஒரே மூச்சாக 3 மணி வரை தூங்கினாலும் முடிவு இதேதான். தாங்கவே முடியவில்லை என்றால் 3 மணிக்குள், நாற்காலியில் சாய்ந்தபடி, 20 நிமிடம். பாயில் படுக்கக் கூடாது. 2 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். 7 மணிக்குச் சாப்பாடு, 8:30-க்குப் பெரிய விளக்கை அணைத்துச் சின்ன விளக்கு, 9-க்குப் படுக்கை. ஏழு மணி நேரம் தேறும்.

உறவில் விசேஷம் என்றால் அதுவும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். போகாமல் இருக்க முடியாது. காலையில் ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிட்டுப் போங்கள். பைக்கில் போகாதீர்கள்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது?

நடுராத்திரியைத் தாண்டி ஓடும் ஷிப்டுக்கு 'ஒரு நாள் விடுமுறை' என்றால் எது என்பதை 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 57-வது பிரிவு தெளிவாகச் சொல்லிவிட்டது: ஷிப்ட் முடிகிற நேரத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம். நாட்காட்டியில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கணக்கில்லை. பிறகு வந்த 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இதே ஏற்பாடு இருக்கிறது.

இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஞாயிறு காலை 6-க்கு விட்டவரை அன்றைக்கு இரவு 10 மணிக்கே கூப்பிட்டு, 'பகல் முழுக்க லீவுதானே கொடுத்தோம்' என்று சொல்வார்கள். அது 16 மணி நேரம்தான். சட்டப்படி அது வார விடுமுறை ஆகாது; திங்கள் காலை 6 வரை அவருடைய நேரம். அவசரத்துக்கு வரவழைத்தால் அது விடுமுறை நாள் வேலை, அதற்கு மாற்று விடுப்பு கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். பஞ்ச் நேரத்தைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுப்பது நல்லது. ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கும் ஐ.டி. சப்போர்ட் வேலைக்காரர்களுக்கும் 1948 சட்டம் பொருந்தவில்லை, அவர்களுக்கு வேறு சட்டங்கள் இருந்தன.

இந்த 24 மணி நேர இடுக்கு ஏன் வருகிறது என்றால், ஷிப்ட் ஏ, பி, சி என்று முன்னோக்கிச் சுற்றும்போது ஏ-யிலிருந்து பி-க்கு 48 மணி, பி-யிலிருந்து சி-க்கு 48 மணி, சி-யிலிருந்து ஏ-க்கு வெறும் 24 மணி இடைவெளி கிடைக்கிறது. பின்னோக்கிச் சுற்றினால் ஏ-யிலிருந்து சி-க்கு 56, மற்ற இரண்டுக்கும் 32, 32. கூட்டினால் இரண்டும் 120-தான். மணிக்கணக்கைப் பார்த்தால் பின்னோக்கு தேவலாம் போலத் தெரியும். ஆனால் மனித உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமானது. தள்ளிப் படுப்பது அதற்குச் சுலபம், முந்திப் படுப்பது கஷ்டம். அதனால் முன்னோக்குச் சுற்றுதான் உடம்புக்கு ஏற்றது என்பது என் கட்சி. செய்ய வேண்டியது, சி வாரக்காரருக்கு மட்டும் வெள்ளி ராத்திரியோடு வாரத்தை முடித்து, சனி ராத்திரிக்கு ரிலீவர் (மாற்று ஆள்) போடுவது. 24 மணி 48 ஆகிவிடும். தொழிலாளரும் நிர்வாகமும் சேர்ந்து உட்காரும் ஒர்க்ஸ் கமிட்டியில் சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசாமல் இதையும் ஒரு தடவை வைத்துப் பார்க்கலாம்.

2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, மே 1-ம் தேதி திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்ட 12 மணி நேர வேலை மசோதாவின்போது வாரத்துக்கு 48 மணிதான், மீதி மூன்று நாள் லீவு என்று சமாதானம் சொன்னார்கள். அந்தக் கணக்கில் பஸ் நேரம் இல்லை. 12 மணி வேலை, போகவர மூன்று மணி என்றால் மிச்சம் 9 மணி. குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழ.

முதல் ராத்திரி

சி வாரத்தின் திங்கட்கிழமையும் கவனிக்க வேண்டிய நாள்தான். பி ஷிப்ட் வாரம் முடித்து வருபவருக்கு 48 மணி நேரம் கையில் இருக்கும். அன்றைக்கு வழக்கம்போல் 6 மணிக்கு எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பேங்க் வேலை பார்த்து, ராத்திரி 10-க்கு உள்ளே போனால் மறுநாள் 6 மணிக்கு அவர் 24 மணி நேரம் விழித்தவர். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் இருப்பவருடையதற்குச் சமம் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்; 24 மணி நேரத்தில் அது 100 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். நம் ஊரில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட எல்லை 30. பி ஷிப்ட் முடித்து அப்படியே சி-க்கு டபுள் பார்ப்பவர்களும் இதே கணக்கில்தான் வருவார்கள். போலீஸ் ஊதச் சொன்னால் கருவி ஒன்றும் காட்டாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் திங்கட்கிழமை 8, 9 மணி வரை தூங்குங்கள். மத்தியானம் 2-க்குப் படுத்து 3:30, 4 வரை இன்னொரு தூக்கம். ஞாயிற்றுக்கிழமை விலக்கப்பட்ட அதே மத்தியானத் தூக்கம் இங்கே மருந்து. அதைத் தவறவிட்டு, 'ஏழு மணிக்குக் கொஞ்சம் படுத்துட்டுப் போறேன்' என்றால் நடக்காது. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் உடம்பு நாளிலேயே மிகக் கெட்டியாக விழித்திருக்கும் நேரம். விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது லட்சுமிக்காக இருக்கலாம், ஆனால் படுத்தாலும் தூக்கம் வராது என்பது உண்மை.

பகலில் தூங்கும் அறை

செவ்வாய் முதல் சனி வரை தினமும் காலை 8 முதல் 2 வரை தூங்க வேண்டும். இதற்கு மன உறுதி போதாது, அறை வேண்டும்.

முதலில் திசை. காலையில் தூங்குபவருக்குக் கிழக்குப் பார்த்த அறை ஆகாது. 8 மணிக்கே வெயில் கட்டிலில் விழும். மேற்கு அறை மத்தியானம் வரை குளிர்ச்சியாக இருக்கும், 2 மணிக்கு மேல்தான் கொதிக்கும். ராத்திரி தூங்குபவர்கள் வேண்டாமென்று ஒதுக்கும் அறை இவருக்குத் தோதானது.

அடுத்து இருட்டு. ஜன்னல் சட்டத்தைவிட நான்கு பக்கமும் நாலு விரற்கடை அதிகமாகத் திரையைத் தைக்க வேண்டும். சட்டத்தின் அளவுக்கே தைத்தால் ஓரத்தில் வரும் கீற்று நேராக முகத்தில் விழும். திரையின் இரு ஓரமும் வெல்க்ரோ பட்டை வைத்துச் சுவரோடு ஒட்டிவிடலாம். மேலே, திரைக்கம்பிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து வழியும் வெளிச்சத்தை ஒரு ஜாண் அகலப் பலகையை மேலே படுக்கவைத்து அடித்தால் நிறுத்திவிடலாம். கதவின் அடியில் ஒரு பழைய துண்டு. விளக்கணைத்துப் பத்து நிமிடம் கழித்துக் கையை நீட்டிப் பாருங்கள். விரல்களை எண்ண முடிந்தால் இன்னும் எங்கோ ஓட்டை இருக்கிறது. செலவே வேண்டாமென்றால் பின்பக்கம் கறுப்பாக இருக்கும் பழைய பிளக்ஸ் பேனர் ஒன்று போதும். அதைத் தாண்டி வெளிச்சம் வராது. தலைவரின் முகம் வெளிப்பக்கம் இருக்கட்டும், விழிக்கும்போது அவர் முகத்தில் முழிக்க வேண்டாம்.

பிளக்ஸையோ தட்டியையோ கண்ணாடிக்கு வெளியே கட்டுவது மேல். உள்பக்கத் திரை வெளிச்சத்தை நிறுத்தும், வெப்பத்தை நிறுத்தாது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சூடாக்கி, திரை அறையைச் சூடாக்கும். காற்று வேண்டுமென்றால் ஜன்னலிலிருந்து ஓர் அடி தள்ளித் தொங்கவிட்டால் பக்கவாட்டில் காற்று புகுந்து வரும்.

மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீடென்றால் இன்னொரு கணக்கும் உண்டு. கான்கிரீட் கூரை காலையிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருந்து, மத்தியானத்துக்கு மேல்தான் உள்ளே விட ஆரம்பிக்கும். 8 மணிக்குப் படுத்தவர் அதற்குள் ஐந்து மணி நேரம் தூங்கிவிடுவார். போனைப் பார்த்துக்கொண்டிருந்து 10 மணிக்குப் படுத்தவரை, இரண்டாவது சுற்று முடிந்ததுமே கூரை எழுப்பிவிடும். உடம்பின் கடிகாரமும் அதே நேரத்தில்தான் எழுப்பும் என்பதால் அந்த இரண்டு மணி நேரத்தை எந்த ஏ.சி.யும் திருப்பித் தராது. மாடியில் சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடித்தால் கொதிப்பு குறையும். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு இந்தத் தாமதமெல்லாம் கிடையாது, 9 மணிக்கே அடுப்புதான். சித்திரை வைகாசியில் கீழ்த்தளத்தில் ஒரு திண்ணையோ உறவுக்காரர் வீட்டு அறையோ பார்ப்பதைத் தவிர வழி தெரியவில்லை. ஏர்கூலர் ஓசூர், வேலூர், மதுரை மாதிரி காய்ந்த ஊர்களில் வேலை செய்யும். சென்னைக் கடலோரப் புழுக்கத்தில் அது அறையை இன்னும் கசகசப்பாக்கும். ஏ.சி. இருந்தால் 26 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் போதும். ஃபேன் சத்தம் தெருச் சத்தத்தை மூடவும் உதவும்.

சத்தத்துக்கு மலிவான வழி கம்பெனியிலேயே கிடைக்கிறது. பிரஸ் ஷாப்பில் கொடுக்கும் பஞ்சு இயர்பிளக்தான். அதைப் பலர் தப்பாகப் போடுகிறார்கள். அப்படியே காதில் வைத்து அழுத்தினால் பாதி வெளியே நிற்கும், பாதிச் சத்தம் உள்ளே வரும். விரலால் மெல்லியதாக உருட்ட வேண்டும். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, உருட்டிய பிளக்கை உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் தாங்க வேண்டும். சரியாகப் போட்டால் உங்கள் குரலே உங்களுக்கு உள்ளிருந்து கேட்கும். தூங்குவதற்குத் தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க் கையால் தொட்டதைப் போட்டுக் காதில் புண் வரவழைக்க வேண்டாம்.

பிளக்கையும் மீறி எழுப்புவது காலிங்பெல்லும் போனும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கும் டெலிவரி எண், பதிவு செய்த மொபைலுக்குத்தான் வரும். அந்த நம்பர் நைட் ஷிப்ட்காரருடையதாக இருந்தால், சிலிண்டர் வரும் நாளெல்லாம் அவரை எழுப்பித்தான் ஆக வேண்டும். ஏஜென்சியில் நம்பரை வீட்டில் விழித்திருப்பவருடையதாக மாற்றிவிடுங்கள். கூரியர், பேங்க், பள்ளிக்கூட வாட்ஸாப் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். போனில் டிஸ்டர்ப் செய்யாதே வசதியைப் போட்டு, வீட்டில் ஒருவர், சூப்பர்வைசர் தவிர்த்து அவசரத்துக்கு ஒரு நண்பர் என்று இரண்டு நம்பருக்கு மட்டும் வழி விடலாம். சூப்பர்வைசரை ஏன் விடக்கூடாது என்றால், மத்தியானம் 12 மணிக்கு வரும் அவருடைய அழைப்பு 'இன்னைக்குச் சீக்கிரம் வர முடியுமா' என்பதாகத்தான் இருக்கும்.

ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களுக்கு வேறு பிரச்னை. ஓர் அறையில் ஆறு பேர், மூன்று ஷிப்ட். எப்போதும் யாராவது லைட்டைப் போடுவார்கள், யாராவது பக்கெட்டை இழுப்பார்கள். ஊர்க்காரர்களாகச் சேர்ந்து ரூம் எடுப்பதுதான் வழக்கம். அதை விட்டு ஒரே ஷிப்ட் குரூப்பாகச் சேர்ந்தால் அறை மொத்தமும் ஒன்றாகத் தூங்கும், ஒன்றாக எழும். கம்பெனி ஹாஸ்டல் என்றால் வார்டனிடம் அப்படிக் கேட்டு வாங்கலாம். செலவில்லாத மாற்றம் என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

நாலு மணி டீ

கேன்டீனில் விடிகாலை 4 மணிக்கு வரும் டீதான் 8 மணித் தூக்கத்தின் எதிரி. குடித்த காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். டீயில் கொஞ்சம் குறைவு, ஆனால் சும்மா விடாது. காபியை ஷிப்ட் தொடக்கத்திலும் 1:30 வாக்கிலும் வைத்துக்கொள்ளுங்கள். 2 மணியோடு நிறுத்தம். 4 மணிக்குச் சுக்குமல்லி, வெந்நீர். டீ பிரேக்கில் டீ வாங்காமல் நிற்பது ஒரு மாதிரியாக இருந்தாலும் கையில் ஏதாவது சூடாக இருந்தால் போதும், பேச்சு நடக்கும்.

வயிறும் ராத்திரி 2 மணிக்குப் புரோட்டா சால்னாவை எதிர்பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் சாப்பிட்ட சர்க்கரையை உடம்பு பகல் போலச் சமாளிக்காது. நெஞ்செரிச்சலோடுதான் காலையில் படுக்க நேரும். முழுச் சாப்பாட்டை 8 மணிக்கு வீட்டிலேயே முடித்துவிட்டு, 12-லிருந்து 1-க்குள் இட்லி, சுண்டல், அவித்த முட்டை, வாழைப்பழம் மாதிரி ஏதாவது. பிரியாணி போடும் நாளில் கேன்டீன் வாசலில் மனசைக் கட்டுப்படுத்துவது கஷ்டம்தான், பாதித் தட்டு.

கோழித்தூக்கம் 2:30-க்குள் 20 நிமிடம் போட முடிந்தால் மிகவும் நல்லது. காபியைக் குடித்த கையோடு படுத்தால் அது வேலை செய்யத் தொடங்கும் நேரமும் எழும் நேரமும் ஒன்றாக வரும். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவீர்கள், எழுந்து உடனே மெஷினில் கை வைப்பது ஆபத்து. எழுந்த பிறகு கால் மணி நேரம் விட்டுத்தான் மெஷின்.

பெண்களின் பகல்

இதுவரை சொன்னதெல்லாம், வீட்டுக்கு வந்ததும் தட்டில் இட்லி வைத்துக் கொடுக்க ஒருவர் இருப்பதாக நினைத்துச் சொன்னது. நைட் டூட்டி முடித்து வரும் நர்ஸுக்கு அப்படி ஒருவர் இருப்பதில்லை. பல ஆஸ்பத்திரிகளில் நைட் டூட்டி 12 மணி நேரம். ஹேண்ட் ஓவர் முடித்து 8:30-க்கு வீட்டுக்கு வந்தால் மத்தியானச் சமையல், பாத்திரம், துணி. படுக்க 11 ஆகும். 3 மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடும். 'பகல் பூரா வீட்லதானே இருக்கா' என்ற பேச்சு வேறு. வீட்டில் இருப்பதும் ஓய்வில் இருப்பதும் ஒன்றுதான் என்று நினைக்கும் வீட்டில் எந்தத் திரையும் பயன்படாது.

சமையலை இடம் மாற்றுவதுதான் முதல் வேலை. மாலையிலேயே மறுநாள் மத்தியானத்துக்கும் சேர்த்துக் குழம்பு வைத்துவிட்டால் காலையில் சோறு மட்டும்தான், அதைக் குக்கரில் வைக்க யாராலும் முடியும். அப்படியும் ஒரே மூச்சாக ஆறு மணி நேரம் கிடைக்காதென்றால் தூக்கத்தைத் தெரிந்தே இரண்டாகப் பிரிக்கலாம்: 9:30 முதல் 2 வரை நாலரை மணி, பிள்ளைகள் வந்து சாப்பிட்ட பிறகு 4 முதல் 5:30 வரை ஒன்றரை மணி. இரண்டாவதை 6-க்கு மேல் தள்ளினால் வராது. தினமும் ஒரே நேரத்தில் வைத்தால்தான் உடம்பும் வீடும் பழகும். நைட் ஆஃப் நாளில் மாமியார் வீட்டுக்குப் போகச் சொன்னால், மதியம் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு 12 வரை தூங்குங்கள்.

வீடு போய்ச் சேருவது

காலை 6:30-க்கு ஹைவேயில் பைக் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. கறுப்புக் கண்ணாடி போட்டால் காலை வெயில் கடிகாரத்தைக் குழப்பாது, தூக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் அது பஸ்ஸில் வருபவருக்கு. வண்டி ஓட்டுபவருக்கு அந்த வெளிச்சம்தான் காவல், கண்ணாடி வேண்டாம். பாட்டுப் போடுவது, முகம் கழுவுவது, சத்தமாகப் பேசுவது எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. கடைசியாகக் கடந்த சிக்னல் நினைவில்லை என்றால் ஏற்கெனவே ஒருதரம் தூங்கி எழுந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பங்க்கில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குவது ஒன்றுதான் வழி. கிளம்புவதற்கு முன்பே கம்பெனியில் தூங்கிவிட்டுக் கிளம்புவது அதைவிட மேல்.

தூக்கத்துக்காக ஒரு கட்டிங் போடுபவர்களுக்குத் தூக்கம் சீக்கிரம் வரும், இரண்டு மூன்று மணி நேரத்தில் கலைந்தும் விடும். மருந்துக்கடையில் வாங்கிப் போடும் அவில் மாத்திரையின் மயக்கம் ராத்திரி ஷிப்ட் வரை தொடரும். இன்சுலின் போடுபவர், வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவர் நைட் ஷிப்டுக்குப் போகும் முன் மருந்து நேரத்தை டாக்டரிடம் மாற்றி எழுதி வாங்க வேண்டும். ஆறு மணி நேரம் தூங்கியும் எழும்போது அசதி போகவில்லை, பலத்த குறட்டை வேறு என்றால் அது ஷிப்டின் குற்றமாக இல்லாமல் இருக்கலாம், காட்டிப் பார்த்துவிடுங்கள். ராத்திரி வேலையை, புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-லேயே சேர்த்தது, 2019-ல் மறுபடி பார்த்தும் எடுக்கவில்லை. 'சின்ன வயசு, தாங்கும்' என்று சொல்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

பி ஷிப்ட் வாரம் இந்த மூன்றில் சொகுசு. ராத்திரி 11:30-க்கு வந்து 2 மணி வரை ரீல்ஸ் பார்க்காமல் இருந்தால் அந்த வாரத்திலேயே பழைய கடன் பாதி அடையும்.

மிச்சமிருப்பது லீவு. மூன்று வாரச் சுற்றில் சி-யிலிருந்து ஏ-க்கு மாறும் ஞாயிறு வருஷத்துக்கு 17 தடவை வரும். 1948 சட்டத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் ஈ.எல். (சம்பளத்தோடு வரும் ஈட்டிய விடுப்பு) என்று இருந்தது, புதிய தொகுப்பில் 240 என்பது 180 ஆகியிருக்கிறது. பழைய சட்டத்தில் 15 நாள் முன்னதாக எழுதித் தர வேண்டியிருந்தது, வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் பிரித்து எடுக்க முடியாமல் இருந்தது. அதையே கணக்காக எடுத்தால் கையில் மூன்று திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம், சி.எல். (தற்செயல் விடுப்பு) தரும் கம்பெனியில் இன்னும் சில. ரோஸ்டர் வந்த அன்றைக்கே எடுத்து எழுதிக் கொடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் ஆள் இல்லை என்பார்கள். இரண்டை ஏப்ரல், மே மாதங்களுக்கு வைக்கலாம். மூன்றாவது ஆடிக்கு. தெருவுக்குத் தெரு ஸ்பீக்கர் கட்டியிருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இயர்பிளக் போட்டாலும் மூன்று மணி நேரம் தேறாது.